இரும்புச்சத்து மாத்திரையும் காலைக் காப்பியும்: மருந்தாளுநரின் சொல் ஏன் முக்கியம்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பும் கர்ப்பிணி ஒருவர், மறந்துவிடக் கூடாது என்ற அக்கறையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையைப் பால் கலந்த காலைக் காப்பியோடு விழுங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் மாத்திரை சேர்ந்துவிட்டது. உடலுக்குள் அதன் ஒரு பங்கு வீணாகிறது.

இரும்பை உடல் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சுகிறது. இரைப்பை அமிலம் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க, குடற்சுவர் செல்களிலுள்ள ஒரு கடத்துப் புரதம் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. காப்பியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம், தேநீரிலுள்ள டானின் போன்ற பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இயல்பாக உள்ள சேர்மங்கள்) வழியிலேயே இரும்பைப் பற்றிக்கொண்டு, அந்தப் புரதத்தால் எடுக்க முடியாத கூட்டுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. பாலிலுள்ள கால்சியமும் உறிஞ்சலைக் குறைக்கிறது. உணவிலுள்ள இரும்பைப் பற்றி 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பை காப்பி உறிஞ்சலை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பியால் குறைவு ஏற்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது. மாத்திரையில் இரும்பின் அளவு மிகுதி என்றாலும் அங்கும் நடப்பது இதே வேதியியல்தான்.

உலகில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இந்தியாவில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அது 57 விழுக்காடு. எல்லா இரத்தசோகைக்கும் இரும்புக் குறைவே காரணமன்று. ஆனாலும் முதன்மையான காரணங்களில் அது ஒன்று. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு வீதம் 180 நாட்களுக்கு மாத்திரை தரப்படுகிறது. அதைக் கடைசியாகக் கையில் எடுத்துக் கொடுப்பவர் மருந்தாளுநர். "காப்பி, டீ, பாலோட போடாதீங்கம்மா, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க, கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒண்ணா போடாதீங்க" என்று அவர் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை எளிதில் உறிஞ்சப்படும் வடிவில் வைத்திருக்கும்.

இவற்றைவிட முக்கியமான அறிவுரை இன்னொன்று உண்டு என்பது என் எண்ணம். உறிஞ்சப்படாத இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், வயிற்றில் ஏதோ கோளாறு என்று அஞ்சி, பலர் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். குமட்டல் வந்தால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். உறிஞ்சல் சற்றுக் குறைந்தாலும், அடியோடு விட்டுவிடுவதைவிட அது மேல்.

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் மருந்தாளுநர் கேட்டாக வேண்டும். தைராய்டு மாத்திரையோடு இரும்பு சேர்ந்தால் தைராய்டு மருந்தின் உறிஞ்சல் குறைந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரை இரும்பு கரைவதையே தடுக்கக்கூடும்; அதைத் தொடர்ந்து சாப்பிடுபவரை மறுபடி மருத்துவரிடம் அனுப்பிக் கேட்டுவரச் சொல்வதும் மருந்தாளுநரின் வேலைதான்.