“ஆண்டவரை உணரவே முடியல, ஐயா”

போதகராக ஆலோசனைக்கு உட்காரும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சமீபத்தில் ஒரு சகோதரியும் இதையே சொன்னார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) இரண்டு வருடங்களாக மௌன ஜெபம் பழகியிருக்கிறார். கண்ணை மூடி, ஒரே சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி, மற்ற நினைவுகளையெல்லாம் விலக்க வேண்டுமாம். ஆரம்பத்தில் மனம் உருகிக் கண்ணீர் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. “ஆண்டவர் என்னை விட்டுட்டாரா, ஐயா?” என்றார்.

வேதத்தைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். “அது மூளைக்கு, இது ஆவிக்குன்னு சொல்லிக்கொடுத்தாங்க.”

இந்தப் பிரிவினைதான் எனக்குக் கவலை தருகிறது.

பழக்கம் புதிதல்ல. 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒருவர், கடவுளை அறிவால் எட்ட முடியாது, அன்பால்தான் எட்ட முடியும் என்று எழுதி, ஒரு சிறு சொல்லைப் பற்றிக்கொள்ளும் இதே முறையைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் வசனத்தைப் படித்துவிட்டு, ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் மூடிவைக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் தம்மிடம் வர மனதில்லாதவர்களை இயேசுவே கண்டித்தார் (யோவான் 5:39, 40).

ஆனால் மௌன ஜெபத்துக்கு ஆதாரமாகக் காட்டும் வசனங்களை நிதானமாகப் பாருங்கள். “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்பது 46-ஆம் சங்கீதம். அந்தச் சங்கீதம் முழுக்க ஒரே கொந்தளிப்பு. மலைகள் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, கர்த்தர் வில்லை ஒடித்து ஈட்டியை முறிக்கிறார். அந்தப் போர்ச் சத்தத்துக்கு நடுவே “போதும், நிறுத்துங்கள்” என்று அதட்டுகிற குரல் அது. மனதைக் காலியாக்கும் பயிற்சி அங்கே இல்லை.

தீர்க்கதரிசி எலியாவின் கதையையும் (1 இராஜாக்கள் 19) அவர் கேட்ட “அமர்ந்த மெல்லிய சத்தம்” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து வருவது, “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி. பிறகு ஆசகேல், யெகூ, எலிசா என்று பெயர் சொல்லி, அபிஷேகம் பண்ணும்படி மூன்று வேலைகள். எல்லாம் தெளிவான வார்த்தைகள்.

தியானம் என்ற சொல்லும் அப்படித்தான். முதல் சங்கீதத்தில் வரும் எபிரெயச் சொல் ‘ஹாகா’, அதாவது முணுமுணுப்பது. இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் ஏசாயா 31:4-இல் இதே சொல்தான். வசனத்தை வாயில் போட்டு, விட்டுக்கொடுக்காமல் மென்றுகொண்டே இருப்பது. எனக்கு மிகவும் பிடித்த படம் இது.

சரி, அனுபவமே வேண்டாமா? வேண்டும். பேதுரு மலைமேல் இயேசுவின் மகிமையைக் கண்ணால் கண்டவர். அதைச் சொன்ன கையோடு, “அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனமும் நமக்கு உண்டு” என்று எழுதி, இருளில் விளக்காக ஒளிரும் அந்த வசனத்திடமே நம்மை அனுப்புகிறார். மறைஞானிகளில் பெரியவரான சிலுவை யோவானும் (1542–1591) தரிசனங்களைத் தேடி அலைவதைக் கடுமையாக எச்சரித்தார். தேவன் தம் குமாரனில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார், இன்னும் வெளிப்பாடு கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்பது அவர் வாதம்.

மூச்சை மெதுவாக்கி ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் பலருக்கும் அமைதி வரும். அந்த அமைதியைத் தேவ சமுகம் என்று எண்ணிவிட்டால், அது போகிற நாளில் தேவனே போய்விட்டதாகத் தோன்றும். அதை நம்பித் திருமணத்தை, வேலையை முடிவு செய்துவிட்டு அழுதவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை: தூக்கமே இல்லை, குரல்கள் கேட்கின்றன, வாழவே பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரையும் பாருங்கள்.

அந்தச் சகோதரியிடம் 88-ஆம் சங்கீதத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கடைசிவரை ஆறுதல் வராமலே முடிகிற சங்கீதம் அது. முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்படியும் ஜெபம் பண்ணலாமா, ஐயா?”

“ஆண்டவரே இதைத் தம்முடைய புஸ்தகத்தில் வச்சிருக்காரே, தங்கச்சி.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே முதல் வசனத்துக்குத் திரும்பினார். “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.” இந்த முறை அவர் வாசிக்கவில்லை, ஜெபித்தார்.