கலோரி: சொல்லும் அதன் கணக்கும்

லத்தீனில் ‘கலோர்’ என்றால் வெப்பம். அதிலிருந்து பிறந்த ‘கலோரி’யை அலகுப் பெயராக்கியவர் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா கிளெமான். 1819 முதல் 1824 வரை பாரிஸில் வெப்ப எந்திரங்களைப் பற்றி நடத்திய பாடங்களில் இதைப் பயன்படுத்தினார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம், அவ்வளவுதான். சோற்றுக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை.

பின்னால் வந்தவர்கள் ஒரு கிராம் தண்ணீர்க் கணக்குக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம், பெயர் ஒன்றே! ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளித்தார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் எழுதும்போது ‘கிலோகலோரி’ என்று முழுசாக எழுதிவிடுவது நல்லது. பேச்சில் கலோரி என்றாலும் இந்தப் பெரியதைத்தான் சொல்கிறோம்.

உணவுக்கு இதைப் பரப்பியவர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர். கிராமுக்கு மாவுச்சத்தும் புரதமும் 4, கொழுப்பு 9 கிலோகலோரி என்ற கணக்கு அவர் வழி வந்தது. நம்மூர் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 520. அதில் பாதிக்கு மேல் எண்ணெயின் பங்கு. அதே எடை அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, 150-ஐ ஒட்டித்தான் வரும். (மீன்கறி தனி.)

உழைப்பை அளக்க ‘மெட்’ என்றொரு அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட்: உடல் எடையில் கிலோவுக்கு, மணிக்கு 1 கிலோகலோரி. மிதமான நடை 3.5 மெட். 60 கிலோ எடையுள்ளவர் நாகர்கோவில் கோட்டாற்றிலிருந்து சுசீந்திரத்துக்கு ஒரு மணி நேரம் நடந்தால் 60 × 3.5 = 210. இரண்டு கைப்பிடி, அதாவது 40 கிராம் சிப்ஸும் கிட்டத்தட்ட 210. தீர்ந்ததா? இல்லை. வீட்டுத் திண்ணையில் இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் 60 போயிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 150 மட்டுமே. மிச்சத்துக்குத் தாணுமாலயன் கோயிலையும் தாண்டி இன்னும் 24 நிமிடம் நடக்க வேண்டும். டிரெட்மில் காட்டும் எண்ணில் பெரும்பாலும் அந்த 60-ம் கலந்தே இருக்கும்.

தமிழில் என்ன சொல்வது? ‘கனல்’ இருக்கிறது, ‘கனலி’ என்று ஆக்கலாம். ஆனால் பழந்தமிழில் கனலி சூரியன். ‘ஒரு வடையில் 100 கனலி’ என்றால் படிப்பவர் மிரண்டுவிடுவார். ‘வெப்ப அலகு’ என்றால் ஜூலும் அதுதானே (1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல்). மீட்டர், லிட்டர் போலக் கலோரியும் அப்படியே இருக்கட்டும் என்பதே என் கட்சி. மாற்ற வேண்டியது ‘கலோரி எரிப்பு’. உணவை நிஜமாகவே எரிப்பது அளக்கும் கருவியான கலோரிமானிக்குள்தான். உடம்புக்குள் தீ ஏதும் எரிவதில்லை. ‘ஆற்றல் வரவு’, ‘ஆற்றல் செலவு’ என்றால் பற்று நோட்டு வைத்திருக்கும் சாயாக் கடைக்காரருக்கும் விளங்கிவிடும்.