கார் பிரான்ஸில் நின்றால்: பிரேக்டவுன் கவர் எப்படி வேலை செய்கிறது?

பிரான்ஸின் கட்டண நெடுஞ்சாலையில் உங்கள் கார் நின்றுபோனால், லண்டனில் நீங்கள் பிரேக்டவுன் கவருக்கு (நடுவழியில் கார் பழுதானால் உதவும் காப்புறுதிக்கு) காசு கட்டி வைத்திருக்கும் நிறுவனத்தால் அங்கே ஒரு வண்டி அனுப்ப முடியாது. எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் இதுதான் நிலைமை. அந்தச் சாலைகளில் நிற்கும் வாகனத்தை இழுக்கும் உரிமை, அந்தந்தப் பகுதிக்கென அனுமதி பெற்ற இழுவை வண்டிக்காரருக்கு மட்டுமே உண்டு. அவரை அழைக்கும் வழியும் தனி. சாலையோரத்தில் இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாகச் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் அவசரத் தொலைபேசி நிற்கும். அதில் பேசினால் நீங்கள் நிற்கும் இடத்தை விளக்கத் தேவையில்லை, எந்தப் பெட்டியிலிருந்து அழைப்பு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் நடக்க முடியாவிட்டால் கைபேசியில் 112.

வருகிறவர் கேட்கும் தொகையும் அவர் இஷ்டம் இல்லை, அரசு நிர்ணயித்தது. ஆனால் மாலை 6 மணியிலிருந்து காலை 8 மணி வரையும், சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களிலும் அதன்மேல் 50 சதவீதம் கூடும். விடுமுறைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைதானே புறப்படுகிறார்கள்! பெரும்பாலும் அந்தப் பணத்தை அங்கேயே கட்டி, ரசீதை வாங்கி வைத்து, பிறகு உங்கள் நிறுவனத்திடம் கிளெயிம் பண்ண வேண்டியிருக்கும். கார் நெடுஞ்சாலையை விட்டு வெளியே போன பிறகுதான் உங்கள் பொலிசி வேலையைத் தொடங்குகிறது.

சரி, அப்படியென்றால் பிரான்ஸுக்குப் போக டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏறுமுன் அவசர அவசரமாக வாங்கும் அந்தக் கவர் எதற்கு?

அதை விற்கும் நிறுவனம் ஐரோப்பா முழுக்கத் தன் மெக்கானிக்குகளை நிறுத்தி வைத்திருப்பதில்லை. அது விற்பது ஒரு தொலைபேசி எண், அந்த எண்ணுக்குப் பின்னால் நாடு நாடாக இருக்கும் தொடர்புகள், செலவில் ஒரு பகுதியைத் தாங்குவதாக ஒரு வாக்குறுதி. தொடர்புகள் என்று சொல்வது பெரும்பாலும் அந்தந்த நாட்டின் வாகன கிளப்களையும் ஒப்பந்தக் கராஜ்களையும்தான். பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. 1897இலும் ஏ.ஏ. 1905இலும் தொடங்கியவை. ஜேர்மனியின் ஏ.டி.ஏ.சி. 1903இல் பிறந்து இன்று இரண்டு கோடிக்கு மேல் அங்கத்தவர்களோடு நிற்கிறது. நெதர்லாந்தின் ஏ.என்.டபிள்யூ.பி. (1883), சுவிஸின் டி.சி.எஸ். (1896) இரண்டும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை, கார் பிறகுதான் வந்து சேர்ந்தது. 1991இல் இப்படியான பெரிய கிளப்கள் சில சேர்ந்து ஏ.ஆர்.சி. யூரோப் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஒரு நாட்டு அங்கத்தவர் இன்னொரு நாட்டில் நின்றுபோனால் அங்குள்ள கிளப் போய்ப் பார்க்கும் என்பதுதான் ஏற்பாடு.

ஆகவே நீங்கள் அழைத்ததும் ஓடத் தொடங்குவது ஒரு சங்கிலி: அழைப்பு நிலையம், உள்ளூர் கிளப் அல்லது ஒப்பந்தக்காரர், இழுவை வண்டி, கராஜ், கராஜின் முடிவு, திரும்ப அழைப்பு நிலையம். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தகவல் தவறிப்போகலாம். போனில் அவர்கள் கேட்கும் கேள்விகள் அலுப்பாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. ஆறு பேர் இருக்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால் இரண்டு பேர் ஏறக்கூடிய இழுவை வண்டி வரும். கூரையில் பெட்டி கட்டியிருப்பதைச் சொல்லாவிட்டால் உயரக் கணக்குப் பிழைக்கும்.

எந்த வகைக் கார் என்பதும் அப்படித்தான். ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினால் ஓடுகிறது. எஞ்சின் நின்ற நிலையில் ஓட்டும் சக்கரங்களைத் தரையில் வைத்து நெடுந்தூரம் இழுத்தால், உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் உரசிச் சூடேறும். சின்னப் பழுதோடு நின்ற கார் கராஜுக்குப் போய்ச் சேரும்போது கியர்பொக்ஸும் போயிருக்கும். மின்சாரக் காரில் விஷயம் வேறு. அதன் மோட்டரில் இருப்பது பெரும்பாலும் நிரந்தரக் காந்தம். சக்கரம் சுழன்றால் மோட்டர் ஜெனரேற்றராக மாறி, யாரும் கேட்காத மின்சாரத்தை உற்பத்தி செய்யும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் காரை முழுதாகத் தூக்கி வைக்கும் தட்டையான வண்டி வேண்டும்.

கார்கள் எதனால் நிற்கின்றன? ஏ.டி.ஏ.சி. ஆண்டுதோறும் வெளியிடும் பழுதுக் கணக்கில் முதலிடம் எப்போதும் 12 வோல்ட் பற்றரிக்குத்தான், நாற்பது சதவீதத்துக்கும் மேல். மின்சாரக் கார்களும் விலக்கில்லை. ஓட்டுகிற பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், கதவுப் பூட்டையும் கணினியையும் எழுப்புகிற சின்னப் பற்றரி செத்தால் கார் அசையாது. ஈய அமிலப் பற்றரி பாதி வெறுமையில் நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேற் படிகமாக இறுகிவிடும். அந்தப் பகுதி பிறகு மின்சாரத்தை ஏற்காது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய கார் இப்படித்தான் மெல்லச் சாகிறது. விடுமுறையில் அதே காரில் குளிர்பெட்டியைச் செருகி, எஞ்சினை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் படம் போட்டுவிட்டால் மிச்சமும் முடிந்தது. பற்றரிக்கு ஐரோப்பியக் கவர் தேவையா என்றால், இருந்தால் நல்லது. ஆனால் புறப்படுமுன் கராஜில் ஒரு சோதனை போட்டுக்கொள்வது அதைவிட மலிவு.

பெற்றோல் நிலையத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். டீசல் காருக்குள் பெற்றோல் போவதுதான் வழக்கமான விபத்து, ஏனென்றால் பெற்றோல் குழாயின் வாய் சிறியது, டீசல் தொட்டியின் வாய்க்குள் தடையில்லாமல் போகும். டீசல் எஞ்சினின் உயரழுத்தப் பம்ப் 2,000 பார் அளவு அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்தப் பம்புக்கு மசகெண்ணெயே டீசல்தான். பெற்றோல் வந்தால் அந்தப் படலம் கழுவப்பட்டு, உலோகம் உலோகத்தோடு உரசி, பொடிப்பொடியாகத் தூள் வெளியேறும். அந்தத் தூள் எரிபொருளைத் தெளிக்கும் ஊசித்துளைகளுக்குள் போனால் பில் ஆயிரக்கணக்கில் வரும். தொட்டியைக் காலி பண்ணும் வரை சாவியைத் திருப்பவே கூடாது, சில கார்களில் சாவியை அரைவாசி திருப்பினாலே பம்ப் ஓடத் தொடங்கிவிடும். 2018 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் குழாய்களில் ஒரே மாதிரி அடையாளம் ஒட்டுகிறார்கள்: பெற்றோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். நிறத்தை நம்பவேண்டாம், அது நாட்டுக்கு நாடு மாறும். பொலிசியில் இதை ஏன் பார்க்கவேண்டும் என்றால், பிழையான எரிபொருளைப் பல நிறுவனங்கள் பழுதாகவே கணக்கெடுப்பதில்லை. சில நிறுவனங்கள் கராஜ் வரை இழுத்துச் செல்லும், தொட்டி கழுவும் செலவு உங்களுடையது.

இதுவரை சொன்னது எல்லாம் சின்னச் செலவு. ஒரு பொலிசியில் உண்மையான பணம் இருப்பது காரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் பிரிவில். தெருவோர உதவி அடிக்கடி நடக்கும், ஆனால் செலவு குறைவு. காரை ஒரு பாரவண்டியில் ஏற்றி, மற்றக் கார்களோடு சேர்த்து, கடல் தாண்டிக் கொண்டுவருவது அபூர்வம், ஆனால் தூரத்தைப் பொறுத்து ஆயிரம் பவுணை எளிதில் தாண்டும். அதனால் நிறுவனங்கள் தங்கள் செலவைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் எல்லாவற்றையும் இந்த இடத்தில்தான் வைத்திருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களிடம் பன்னிரண்டு வயதான ஏழு ஆசனக் கார் இருக்கிறது. பிரித்தானியச் சந்தையில் அதற்கு 2,000 பவுண் கிடைக்கும் என்று வையுங்கள். பிரான்ஸின் டிஜோனுக்குப் பக்கத்தில் கியர்பொக்ஸ் போகிறது. அங்குள்ள கராஜ் 3,000 யூரோ கேட்கிறது, அதாவது சுமார் 2,600 பவுண். பழுது பார்க்கும் செலவு காரின் விலையைவிடக் கூட. உடனே பொலிசியின் அந்தச் சின்ன எழுத்து வாசகம் விழித்துக்கொள்கிறது: பொருளாதார ரீதியில் பழுதுபார்க்கத் தகாத வாகனத்தை நிறுவனம் திரும்பக் கொண்டுவராது. காரை அங்கேயே விட்டுவிடச் சொல்வார்கள், அதற்கான சுங்கச் சம்பிரதாயங்களுக்கு உதவுவார்கள். ‘ஊரில் எனக்குத் தெரிந்த கராஜ்காரர் 900 பவுணுக்குப் பழைய கியர்பொக்ஸ் போட்டுத் தருவார்’ என்று நீங்கள் சொன்னால் கணக்கு மாறுமா? பொலிசியைப் பொறுத்தது. சில பொலிசிகள் அந்த நாட்டுப் பழுதுச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடும். வேறு சில, கொண்டுவரும் செலவைத்தான் காரின் விலையோடு ஒப்பிடும். இரண்டாவது வகையில் டிஜோனில் நின்ற இந்தக் கார் தப்பிவிடலாம். தொலைவில், ஸ்பெயினின் தெற்கே மலாகாவில் நின்றால் சந்தேகம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார் பழசாக ஆக, நிற்கும் வாய்ப்புக் கூடும், அதனால் பிரீமியமும் கூடும். அதே நேரம் காரின் விலை விழுந்துகொண்டே போகும், அதனால் பொலிசியின் மிகப் பெரிய பிரிவு உங்களுக்குப் பயன்படும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். பழைய கார்க்காரர் கூடுதல் பணம் கொடுத்துக் குறைவாக வாங்குகிறார். நான் பார்த்தவரை, விலைகளை ஒப்பிடுகிறவர்கள் யாரும் இந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை.

ஆகவே பழைய காரில் போகிறவர் காரை மறந்துவிட்டு மனிதர்களுக்கான பிரிவைப் பார்க்கவேண்டும். வாடகைக் கார் எத்தனை நாளுக்கு, எவ்வளவு தொகை வரை, விடுதிக்கு ஆளுக்கு எவ்வளவு, விமானமோ ரயிலோ பிடித்து வீட்டுக்கு வர எவ்வளவு. புதுக் காரில் போகிறவருக்கு நேர்மாறு: காரைத் திரும்பக் கொண்டுவருவதற்கு உச்சத் தொகை ஏதும் போட்டிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் புதுக் காருக்கு உற்பத்தி நிறுவனமே ஐரோப்பா முழுதும் உதவி தருவது உண்டு, மாதக் கட்டணம் எடுக்கும் சில வங்கிக் கணக்குகளிலும் இது சேர்ந்தே வரும். இருக்கிறதை இரண்டாம் தரம் வாங்குகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றிய வாசகம் ஒன்றும் உண்டு. ‘இத்தனை மணி நேரத்துக்குள் பழுதுபார்க்க முடியாவிட்டால்’ வாடகைக் கார், ‘நீங்கள் ஊர் திரும்பும் நாளுக்குள் முடியாவிட்டால்’ காரைக் கொண்டுவருதல் என்று எழுதியிருப்பார்கள். ஓகஸ்டில் பிரான்ஸில் சின்னக் கராஜ்கள் பல விடுமுறைக்கு மூடிவிடும், 15ஆம் திகதி அரச விடுமுறை வேறு. திறந்திருக்கும் கராஜும் காரைத் திறந்து பார்த்து, பாகம் எப்போது வரும் என்று சொன்ன பிறகுதான் சில பொலிசிகளில் மணிக்கூடு ஓடும். சனிக்கிழமை மாலை நின்ற கார் திங்கள் வரை ஒருவரின் வளவில் சும்மா நிற்கும். அதனால் மணிக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது, கார் நின்ற நேரத்திலிருந்தா, கராஜ் பார்த்த நேரத்திலிருந்தா என்று கேட்டு வாங்கவேண்டும்.

எந்தெந்த நாடு என்பதையும் பெயர் பெயராகப் பாருங்கள். பாரிஸின் லா சப்பலுக்குப் போய்ப் பொருள் வாங்கி வருகிறவருக்குப் பிரான்ஸ் போதும். ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகிறவருக்குப் பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனி என்று குறைந்தது மூன்று நாடுகள் வேண்டும். சுவிஸில் இருக்கும் சொந்தக்காரரிடம் போகிறவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போகிறார். பெரும்பாலான பொலிசிகளில் சுவிஸ் இருக்கும், ஆனால் ‘ஐரோப்பா’ என்ற தலைப்பை மட்டும் நம்பிப் போகக்கூடாது. காரில் உள்ள ஆசனங்களைவிட ஆட்கள் கூடினால் கவர் இல்லாமல் போகலாம் என்பதையும், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற நம்மவர்கள் கவனிக்கவேண்டும்.

கடைசியாக வாடகைக் கார். பொலிசியில் ‘வாடகைக் கார் உண்டு’ என்று இருந்தாலும், அதைத் தருவது உள்ளூர் வாடகை நிறுவனம், விதிகளும் அவர்களுடையவை. சாரதியின் பெயரில் கடனட்டை வேண்டும், டெபிட் அட்டை பல இடங்களில் செல்லாது. இளம் சாரதிக்கு மறுப்பார்கள் அல்லது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஏழு ஆசனக் கார் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை, ஆறு பேருக்கு இரண்டு சின்னக் கார் வரலாம், அப்போது இரண்டு சாரதி வேண்டும். பிரான்ஸில் எடுத்த காரை வழக்கமாகக் கடல் தாண்டி எடுத்துவர விடமாட்டார்கள், பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் விடச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். கடலடிச் சுரங்கம் வழியே கார்களை ஏற்றிச் செல்லும் யூரோடனல் வாகன ரயில் நடந்து வருகிற பயணிகளை ஏற்றாது. கப்பல்களிலும் எல்லாம் ஏற்றுவதில்லை, ஏற்றுகிறவையும் குறிப்பிட்ட நேரங்களில்தான். கையில் நான்கு பெட்டி, இரண்டு பிள்ளைகள், காருக்கென்று வாங்கிய ரிக்கற். கலேயிலிருந்து வீடு வரைக்குமான செலவு யாருடையது, டோவரில் இன்னொரு வாடகைக் கார் நிற்குமா என்று வாங்குமுன் போனில் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்குகிற நிறுவனத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.