நாரியில் கேட்கும் அந்த ‘டக்’

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்குப் போய்வருபவர். இடையிடையே கொழும்புக்கு இரவு பஸ்ஸும் உண்டு. நாரி நோ விட்டபாடில்லை. கைரோபிராக்டிக் வைத்தியர்கள் முதுகைத் திருகி ‘டக்’ என்று சத்தம் எழுப்பும் காணொளிகளை மகன் காட்டினானாம். “விலகிய எலும்பு இடத்தில் போய் விழும் சத்தம்தானே அது? நானும் செய்துகொள்ளலாமா?” என்று கேட்கிறார்.

முதற் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. இரண்டாவதற்குச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

நாரி ஏன் நோகிறது என்பது பெரும்பாலும் தெரிந்த கதை. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டுகளுக்கு வளர்ந்தோரில் நேரடி இரத்த ஓட்டம் அநேகமாகக் கிடையாது. உடல் அசையும்போது நீரும் ஊட்டமும் ஊறி உள்ளே போக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரை 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே இருக்கையில் குந்தியிருந்தால் அந்த அசைவு நின்றுபோகிறது, தசைகளும் இறுகிவிடுகின்றன. போதாக்குறைக்கு வாகன அதிர்வு. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 தடவை மேலும் கீழும் குலுங்கினால் அந்தக் குலுக்கலைப் பரிவால், அதாவது தன் இயல்பான அதிர்வோடு அது ஒத்துப்போவதால், பெருக்கிக்கொள்ளும். வாகன இருக்கைகளின் அதிர்விலும் இந்த வீச்சு உண்டு. அறுகம்பேயில் அலைச்சறுக்குவோருக்கு வேறு சிக்கல்: பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும் நேரமெல்லாம் நாரி பின்னால் வளைந்தும் கழுத்து நிமிர்ந்தும் இருக்கும்.

இனி அந்தச் சத்தம். முள்ளந்தண்டின் பின்புறத்தில், ஒரு முள்ளென்பு அடுத்ததோடு பொருந்தும் இடங்களில், சிறு மூட்டுகள் சோடி சோடியாக உள்ளன. விரல் மூட்டைப் போலவே இவையும் உறையால் மூடப்பட்டவை. உள்ளே வழுவழுப்பான இரண்டு கசியிழையப் பரப்புகள், அவற்றுக்கு இடையில் மெல்லிய படலமாகப் பிசுபிசுத்த மூட்டுத் திரவம், அதில் கரைந்த காபனீரொட்சைட்டு முதலான வாயுக்கள். வைத்தியர் சட்டென்று திருகும்போது இரு பரப்புகளும் விலக முயல்கின்றன. உறை மூடியிருப்பதால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே புக முடியாது. உள்ளேயிருக்கும் திரவமோ பிசுபிசுப்பானது, விரியும் இடத்தை நிரப்ப அவ்வளவு வேகமாக ஓடிவராது. கனவளவு கூடுகிறது, அமுக்கம் விழுகிறது. ஆனாலும் பரப்புகள் உடனே பிரிவதில்லை. பற்றிக்கொண்டே நின்று, இழுவை ஓர் எல்லையைக் கடந்ததும் திடீரென விட்டுவிடுகின்றன. அந்தக் கணத்தில் வாயு திரவத்தைவிட்டு வெளியேறி, மூட்டுக்குள் ஒரு குமிழி பிறக்கிறது. சோடாப் போத்தலின் மூடியைத் திறக்கும்போது நடப்பதும் இதே அமுக்க வீழ்ச்சிதான்.

சத்தம் குமிழி பிறக்கும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா? இந்தச் சண்டையைப் படிக்கப் படிக்க எனக்கு அலுப்பதே இல்லை. 1947 இல் ரோஸ்டன், ஹெயின்ஸ் என்ற இருவர் விரல்களை இழுத்து எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து, பிறக்கும்போதே என்றார்கள். 1971 இல் அன்ஸ்வர்த்தும் கூட்டாளிகளும், இல்லை, உடையும்போது என்றார்கள். பாடநூல்கள் நெடுங்காலம் அவர்கள் பக்கம். 2015 இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் கோச்சக் குழுவினர் ஒருவரின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து, எம்.ஆர்.ஐ. கருவியால் அசையும் படமாகவே பிடித்தார்கள். விரலைக் கொடுத்தவர் ஒரு கைரோபிராக்டிக் வைத்தியர். செக்கனின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கருமையான ஒரு வெற்றிடம் தோன்றியது, சத்தம் கேட்ட பின்னும் அது மறையவில்லை. அப்படியானால் உடையவில்லையே! அத்துடன் முடிந்ததா என்றால், 2018 இல் சந்திரன் சுஜா, பரக்கத் என்ற இருவர் கணித மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: குமிழி முழுதாக உடைய வேண்டியதில்லை, ஓரளவு சுருங்கினாலே இந்தச் சத்தம் எழும், மிச்சக் குமிழி உள்ளேயே இருக்கும் என்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒன்று மட்டும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு விரலில் நெட்டி முறித்துவிட்டு உடனே மறுபடி முயன்று பாருங்கள், சத்தம் வராது. வாயு மீண்டும் திரவத்தில் கரைய ஏறத்தாழ 20 நிமிடமாகும். எலும்பு இடம் மாறியதால் எழும் சத்தமென்றால் இந்தக் காத்திருப்புக்கு விளக்கமே இல்லை.

விரலை வைத்து விளையாட எம்.ஆர்.ஐ. கருவியா என்று நிதிக்குழுவில் யாராவது முகம் சுளித்திருந்தால் இந்தப் படம் நமக்குக் கிடைத்திராது. நம் ஊரிலும் மலிவாகச் செய்யக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. கைபேசியில் அசைவை அளக்கும் முடுக்கமானி இருக்கிறது. அதைக் கல்முனை வீதியில் ஓடும் பஸ்களின் இருக்கைகளில் கட்டி, எந்த இருக்கை எவ்வளவு குலுங்குகிறது என்று அளக்க ஒரு பல்கலைக்கழக மாணவருக்குப் பயணச் செலவைக் கொடுத்தாலே போதும். கட்டடத் திறப்பு விழாக்களுக்குச் செலவாகும் பணத்தில் சிறு துளி அது.

எலும்பு நகர்வதில்லை என்றால் சுகம் எங்கிருந்து வருகிறது? 1998 இல் துல்பேரி என்ற ஆய்வாளரின் குழு 10 நோயாளிகளில், முள்ளந்தண்டின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டை, திருகுவதற்கு முன்னும் பின்னும் நுட்பமாக அளந்தது. இடமாற்றம் எதுவும் இல்லை. சத்தம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டையும் தசையையும் திடீரென நீட்டும்போது அங்குள்ள நரம்பு முனைகள் செய்தி அனுப்பி, இறுக்கமும் நோவும் கொஞ்ச நேரம் தணிகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நாட்பட்ட நாரி நோவுக்கு இந்த வைத்தியம் உடற்பயிற்சி முதலியவற்றுக்கு ஏறக்குறைய சமமான பலனையே தருகிறது. மோசமில்லை. அதிசயமும் இல்லை.

அதிசயம் இந்த வைத்தியத்தின் பிறப்புக் கதையில்தான். 1895 இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைச் சரிசெய்து செவிட்டுத்தன்மையைப் போக்கினாராம். செவிநரம்பு மூளைத்தண்டிலிருந்து நேரே காதுக்குப் போகிறது, முதுகுப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. நம்மிடமும் குறைவில்லை. கால் முன்னே வரப் பிறந்தவர் நாரியில் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். திடீரென வரும் நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். கடைசியாக யார் தொட்டாரோ அவருக்குப் பெயர்.

ஆசிரியைக்கு என் விடை இது: பயிற்சி பெற்றவரிடம் நாரியைத் திருகிக்கொள்வது பெரும்பாலானோருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதைவிட மலிவான வழிகள் உள்ளன. பஸ் நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி நடவுங்கள். நாரிக்குப் பின்னால் துவாயைச் சுருட்டி வையுங்கள். பிசியோதெரபிப் பிரிவில் பயிற்சிகளைக் கேட்டுப் பழகுங்கள். கழுத்தை மட்டும் யாரிடமும் திருகக் கொடுக்காதீர்கள். அங்கே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஓடுகிறது, அரிதாக அது கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கில் உணர்வு மரத்தாலோ, சலம் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, எந்தத் திருகலும் வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.