'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதியவர் கொண்டுவந்த பெட்டி

முதல்முறை வரும் நோயாளிகளிடம் நாங்கள் கொடுக்கும் படிவத்தில் புகைப்பழக்கம் உண்டா என்றொரு கேள்வி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். மேல்வரிசைப் பல்செட் கழன்றுகொண்டே இருக்கிறது என்று வந்தவர். செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு மேலண்ணத்தைப் பார்த்தேன். செட் மூடியிருந்த இடம் மட்டும் கோடு போட்டு வரைந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் கலந்த வெள்ளை. காய்ந்த ஏரி மண்போல வெடிப்பு, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் சூட்டிலும் புகையிலும் வீங்கிப்போன சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள்.

"சிகரெட் பிடிப்பீங்களா சார்?"

"தொட்டதே இல்லை டாக்டர்." கொஞ்சம் யோசித்து, "சுருட்டு மட்டும் எப்பவாவது. கியூபா சுருட்டு. புகையை உள்ளே இழுக்கிறதே கிடையாது" என்றார்.

அடுத்த முறை வரும்போது பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். பார்தகாஸ் நிறுவனத்தின் 8-9-8. மெருகு பூசிய மரப்பெட்டி, விளிம்புகள் உருண்டிருந்தன. திறந்தால் மூன்று அடுக்கு: எட்டு, ஒன்பது, எட்டு, மொத்தம் 25. அடுக்கும் கணக்கே அதன் பெயர். ஒவ்வொன்றும் 170 மில்லிமீட்டர் நீளம். பெட்டியின் ஓரத்தில் கியூபா அரசின் பச்சை உத்தரவாத முத்திரை. அந்த முத்திரைக்கான சட்டம் 1912-இல் வந்தது. அடியில் 'முழுக்கக் கையால் செய்தது' என்று ஸ்பானிய மொழியில் முத்திரை. 1989 முதல் இந்த வாசகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் விரலால் அதைத் தடவிக் காட்டியபோது முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். அழகான வேலைப்பாடுதான், அதை மறுக்க மாட்டேன்.

என் கவலையே அந்த அழகில்தான் தொடங்குகிறது. சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது. தாத்தா திண்ணையில் பிடித்தால் அது புகையிலை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே இலை தங்க நிறப் பட்டை கட்டிக்கொண்டு மெருகு போட்ட பெட்டியில் வந்தால் படிவத்தில் 'இல்லை' ஆகிவிடுகிறது.

இந்த நோயாளியால்தான் நான் இவற்றின் வடிவங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். விசித்திரமானவை நிறைய உண்டு. குலேப்ரா என்றால் ஸ்பானிய மொழியில் பாம்பு. மூன்று மெல்லிய சுருட்டுகளை ஈரப்பதம் இருக்கும்போதே ஒன்றோடொன்று முறுக்கி, நாடாவால் கட்டி விற்பார்கள். பிரித்தெடுத்தால் ஒவ்வொன்றும் கோணல்மாணலாக நிற்கும். அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு மூன்று சுருட்டு இலவசம், அதை வெளியே விற்றால் கோணலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதற்காக முறுக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முடிச்சாகப் பார்க்கும்போது ஒரே பொருளாகத் தெரிவதில் உள்ளே இருப்பது மூன்று.

தடிமனுக்கும் தனிக் கணக்கு. ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். மான்டெகிறிஸ்டோ 2-ஆம் எண் என்ற கியூபா சுருட்டின் தடிமன் 52 பங்கு. அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கோஹிபா என்பது இன்னொரு கியூபா சுருட்டு. 2010-இல் வந்த அதன் பெஹிகே வரிசையில் 56 வரை போகிறது. வாங்குகிறவருக்கு இந்த எண் ஒரு அந்தஸ்து. எனக்கு அது புகையிலையின் அளவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கலாம். சிகரெட்டில் ஒரு கிராம்கூட இருக்காது. அந்த மான்டெகிறிஸ்டோவின் தலைப்பக்கம் கூம்பாகக் குறுகும். புகையை நாக்கின் மேல் குவிக்கும் என்று விற்பவர்கள் அதைச் சிறப்பாகச் சொல்கிறார்கள். குவியும் இடத்தைத்தான் நான் விளக்கு போட்டுத் தேடுகிறேன்.

சரி, 'உள்ளே இழுப்பதில்லை' என்கிறார்களே, அதற்கு வருகிறேன். சிகரெட் புகை பொதுவாக லேசான அமிலத் தன்மை உள்ளது. நுரையீரலுக்குப் போனால்தான் அதிலிருந்து நிகோட்டின் நன்றாக ஏறும். சுருட்டுப் புகை காரத் தன்மை கொண்டது. வாயின் உள்தோல் வழியாகவே நிகோட்டின் ரத்தத்தில் கலந்துவிடும். பற்றவைக்காமல் உதட்டில் வைத்திருந்தாலும் கொஞ்சம் இறங்கும். இலையைப் பதப்படுத்தும் நொதித்தலிலேயே புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாமே அந்தப் புகையும் எச்சிலும் படும் வழி.

கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியைக் கண்டால் போலி என்று ஒதுக்கும் அளவுக்கு என் நோயாளிக்கு விவரம் தெரியும். நல்லதுதான். ஆனால் அசல் சுருட்டுதான் அவர் அண்ணத்தை அப்படி ஆக்கியது.

இன்னொன்றும் கவனித்தேன். எச்சரிக்கை ஒட்டியிருந்தது பெட்டியின் மேல். அவர் நண்பர்களுக்கு எடுத்துக் கொடுப்பது ஒவ்வொன்றாக, பெட்டியில்லாமல். கையில் வாங்குகிறவர் பார்ப்பது தங்க நிறப் பட்டையை மட்டும்தான். ஸ்பானிய மொழியில் அந்தப் பட்டைக்குப் பெயர் வளையம். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா, புகையிலை உறையில் கவர்ச்சியான நிறமும் சின்னமும் கூடாது என்ற எளிய உறைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது பெட்டியோடு நிற்காமல் இந்தப் பட்டையையும் மங்கிய பழுப்பு நிறத்துக்கு மாற்றச் சொன்னது. அந்தப் பட்டை என்ன வேலை செய்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அவருடைய அண்ணத்தில் இருந்த மாற்றம் பெரும்பாலும் பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் மறையக்கூடியது. நாக்கின் ஓரமும் நாக்கின் அடியும்தான் என்னை அதிகம் பயமுறுத்தும் இடங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். நீங்கள் சுருட்டு பிடிப்பவராக இருந்தால் கைபேசி விளக்கை வைத்து மேலண்ணத்தையும் நாக்கின் இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் திட்டு இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது செட்டின் கோடு மங்கியிருந்தது. அப்புறம் நாங்கள் படிவத்தையும் மாற்றினோம். 'பீடி, சிகரெட், சுருட்டு — எப்போதாவது என்றாலும்' என்று இப்போது கேட்கிறோம். புதுப் படிவத்தை அவரிடமும் கொடுத்தேன். சுருட்டுக்கு நேரே 'வாரம் இரண்டு, பதினோரு வருடம். இப்போது இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.