பாம்புக்கடிக்குக் குளிசை: பரியாரிக்கும் கம்பனிக்கும் ஒரே கணக்கு

ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பாம்புக்கடிக்குக் குளிசை கண்டுபிடிச்சிட்டாங்களாம். இனி ஊசி தேவையில்லையாம். போனில வந்த செய்தி. உண்மையோ? உண்மையெண்டால் காலபோக அருவி வெட்டுக்கு முதல் எங்கட ஆஸ்பத்திரிக்கு வருமோ?”

குளிசை இருப்பது உண்மை. ஊசி தேவையில்லை என்பது பொய். அருவி வெட்டுக்கு முதல் வருமா என்றால், வராது. அது இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குக் குளிசையைவிடப் பிடித்த கதை. ஆனாலும் முதலில் குளிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் வாரெஸ்பிளாடிப். பாம்புக்காகப் பிறந்த மருந்தில்லை, இதய நோய்க்காகச் செய்தது. நம் உடலில் பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்றொரு நொதியக் குடும்பம் இருக்கிறது. கலமென்சவ்வு பொஸ்போலிப்பிட்டால் ஆனது என்று உயிரியலில் படித்திருப்பீர்கள். அந்த மூலக்கூறிலிருந்து ஒரு கொழுப்பமிலத்தை வெட்டி எடுப்பதுதான் இந்த நொதியத்தின் வேலை. அளவோடு வெட்டினால் உடலுக்குத் தேவையான வேலை, அளவு மீறினால் அழற்சி. மாரடைப்பு வந்தவர்களில் இந்த அழற்சியைக் குறைத்தால் அடுத்த அடைப்பைத் தடுக்கலாம் என்று நினைத்து 5,145 நோயாளிகளில் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் மாரடைப்பு குறையவில்லை, கூடியது. 2012இல் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். அத்தோடு அந்த மருந்தின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதே நொதியக் குடும்பத்தின் உறவினர் பாம்பின் விஷப்பையில் இருக்கிறார். கட்டுவிரியன் இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலி பெரிதாக இருக்காது. விடியும்போது கண்ணிமை தூக்க முடியாது, பிறகு மூச்சும் முட்டும். அதன் விஷத்திலுள்ள பொஸ்போலிப்பேஸ் வகை நஞ்சு நரம்பு நுனிகளைத் தின்றுவிடுவதுதான் காரணம். நுனி சிதைந்த பிறகு விஷமுறி, அதாவது ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிற அந்த ஊசி மருந்து, ஏற்றினாலும் நுனி உடனே முளைத்து வராது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களை நாள்கணக்கில் மூச்சு இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். வயலில் கடிக்கிற கண்ணாடிப் புடையனின் விஷத்திலும் இந்த நொதியம் உண்டு. இலங்கைப் புடையன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு கண்ணிமையும் சரிவது இதனால்தான்.

2016இல் ஓர் ஆய்வுக் குழு, கைவிடப்பட்ட வாரெஸ்பிளாடிப்பைப் பல நாட்டுப் பாம்பு விஷங்களோடு கலந்து பார்த்தது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கும் நடுவே கூழாங்கல் போட்டதுபோல் நொதியம் வெட்டமுடியாமல் நின்றது, அதுவும் மிகச் சிறிய அளவு மருந்துக்கே. பிறகு எலிகளிலும் பன்றிகளிலும் பார்த்தார்கள். உயிர் பிழைத்தன. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற விஷமுறி பெரிய புரதம், நாளத்தில்தான் ஏற்ற வேண்டும், ஏற்றுகிற இடத்தில் வைத்தியரும் இருக்க வேண்டும். இதுவோ சின்ன மூலக்கூறு, வாயால் விழுங்கலாம், வயல் கொட்டிலில்கூட வைத்திருக்கலாம். ஆசை வருமா வராதா!

ஒன்றை மறக்கக்கூடாது. புடையன் இரத்தத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு நொதியங்களால். அவற்றை இந்தக் குளிசை நேரடியாகத் தடுப்பதில்லை. ஆகவே இது விஷமுறிக்குத் துணை, மாற்று இல்லை.

சரி, எலி பிழைத்தால் மனிதரும் பிழைப்பாரா? இதற்கான படிகள் பலருக்கும் தெரிந்தவை. முதல் கட்டத்தில் நோயில்லாத சிலருக்குக் கொடுத்து ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில பத்து அல்லது சில நூறு நோயாளிகள். மூன்றாம் கட்டத்தில் நிறையப் பேர். முதல் கட்டத்துக்குள் நுழைகிற பத்து மருந்துகளில் ஏறத்தாழ ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. வாரெஸ்பிளாடிப் இதய நோய்க்காக இந்தப் படிகளை ஏற்கெனவே ஏறியிருந்ததால் நேரே இரண்டாம் கட்டத்துக்குப் போனது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்த 95 பேர். எல்லோருக்கும் வழமையான சிகிச்சை உண்டு, தேவைப்பட்டவர்களுக்கு விஷமுறியும் உண்டு. அதற்கு மேலே ஒரு பகுதியினருக்கு வாரெஸ்பிளாடிப், மற்றவர்களுக்கு அதேபோன்ற வெற்றுக் குளிசை. 2024இல் முடிவு வெளியானது. முன்கூட்டியே தீர்மானித்த முக்கிய அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் நிச்சயமான வித்தியாசம் இல்லை. கடித்து ஐந்து மணித்தியாலத்துக்குள் குளிசை எடுத்தவர்களைத் தனியே பார்த்தால் நன்மை இருப்பதுபோல் ஒரு சாயல் தெரிந்தது. போனில் சுற்றுகிற செய்தி இந்தச் சாயலைத்தான் “கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று ஆக்கியிருக்கிறது.

“அந்த 95 பேரில் குணமானவர்களே கூடவாச்சே, அது போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஏன் என்று சொல்ல விசகடிப் பரியாரியிடம்தான் போகவேண்டும்.

வன்னியில் பாம்பு கடித்தால் இன்றும் சிலர் முதலில் போவது பார்வை பார்ப்பவரிடம். வேப்பிலை, மந்திரம், விஷக்கல். அவரிடம் கேட்டால், “நூறு பேர் வந்தார்கள், நூறு பேரும் எழும்பி நடந்து போனார்கள்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். இலங்கை முழுவதும் வீடு வீடாகக் கேட்டு எடுத்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் உடலில் விஷம் ஏறியதற்கான அறிகுறி காட்டியவர்கள் சுமார் 30,000 பேர். இறந்தவர்கள் நானூற்றுச் சொச்சம். அதாவது கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது சாரையாகவோ தண்ணிப்பாம்பாகவோ இருக்கலாம், விஷப்பாம்பே விஷம் விடாமல் கடித்திருக்கலாம். இவர்களுக்கு வேப்பிலை அடித்தாலும் குணம், தேத்தண்ணி கொடுத்தாலும் குணம். மிச்சப்பேர் மோசமானதும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சாவு ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் விழும்.

புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கலென்றால் நானும் போவேன், கற்பூரமும் கொளுத்துவேன். அது வேறு. கடிபட்டவரை அங்கே தூக்கிக்கொண்டு போய் இரண்டு மணித்தியாலத்தை வீணாக்குவதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.

பரியாரி விட்ட பிழை, குணமானவர்களை எண்ணியது மட்டும்தான். தான் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் குணமாகியிருப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை. மருந்துக் கம்பனி அந்த 95 பேருக்கும் குளிசையைக் கொடுத்துக் குணமானவர்களை எண்ணியிருந்தால் அதுவும் வேப்பிலைக் கணக்குத்தான்.

ஆகவே மருந்து கிடைக்காத குழு ஒன்று வேண்டும். யாரை எந்தக் குழுவில் போடுவது? வைத்தியரிடம் விட்டால் பாவம் பார்த்து மோசமானவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். அல்லது தப்புவார் என்று தோன்றுகிறவருக்குக் கொடுப்பார். இரண்டிலும் கணக்குக் கெடும். சரி, வயதையும் கடித்த நேரத்தையும் பார்த்துச் சமமாகப் பிரிக்கலாமே? பிரிக்கலாம், தெரிந்தவற்றை மட்டும். அந்தப் பாம்பு சற்று முன்புதான் எலியைக் கடித்து விஷத்தைச் செலவழித்ததா? பல் எவ்வளவு ஆழம் இறங்கியது? இவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பழுதா? இவை யாருக்கும் தெரியாது.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. நாணயத்தைச் சுண்டுங்கள். பூ என்றால் மருந்து, தலை என்றால் வெற்றுக் குளிசை. இப்போதெல்லாம் கணினி இதை எழுமாறாகச் செய்கிறது. நாணயத்துக்கு வயது தெரியாது, பாம்பு தெரியாது, முகம் தெரியாது. ஒன்றுமே தெரியாததால்தான் எல்லாவற்றையும் அது சமமாகப் பிரிக்கிறது. எலியைக் கடித்துவிட்டு வந்த பாம்புகளும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரியும், பழுதான சிறுநீரகங்களும் அப்படியே பிரியும், நாளைக்கு விஞ்ஞானம் கண்டுபிடிக்கப்போகிற, இன்றைக்குப் பெயரே இல்லாத காரணமும் பிரியும். தெரியாத ஒன்றைத் தெரியாமலே சமப்படுத்த வேறு வழி எதையும் நான் கேள்விப்படவில்லை. ஒரேயொரு நிபந்தனை, ஆட்கள் நிறைய வேண்டும். பத்துப் பேர் என்றால் ஒரு பக்கம் சரிந்துவிடும். ஆயிரம் பேர் என்றால் சரிவு மிகச் சின்னது. 95 பேரை வைத்துக்கொண்டு, அதற்குள்ளும் சீக்கிரம் வந்தவர்கள் என்று இன்னொரு துண்டு வெட்டினால் அந்த முடிவை ஏன் சாயல் என்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

இந்த நாணயத்தின் அழகை முழுதாகப் பார்க்க வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. விஷமுறி குதிரைப் புரதம் என்பதால் ஏற்றும்போது பலருக்கு ஒவ்வாமை வரும், நடுக்கம், தடிப்பு, சிலருக்கு உயிராபத்து. அதைத் தடுக்க முன்கூட்டியே ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்து ஆளாளுக்கு ஒரு ஊசி போட்டு வந்தார்கள். எது வேலை செய்கிறது என்று களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் இலங்கையிலேயே ஒரு சோதனை நடந்தது. பாம்பு கடித்த 1,007 பேர், மூன்று மருந்துகள்: அட்ரினலின், புரோமெதசீன், ஹைட்ரோகார்ட்டிசோன். மூன்று தனித்தனிச் சோதனை வைத்தால் மூவாயிரம் பேர் தேவைப்படும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் மூன்று முறை நாணயம் சுண்டியதுபோல் எட்டுக் குழு அமைத்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்றும், ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை, நடுவில் ஆறு குழுக்களுக்கு ஒவ்வொரு விதமான சேர்க்கை.

இப்போது அட்ரினலினை மட்டும் பாருங்கள். எட்டில் நாலு குழுவுக்கு அது கிடைத்தது, நாலுக்கு இல்லை. அந்த இரண்டு பாதியிலும் மற்ற இரண்டு மருந்துகளும் சரிசமமாக இருக்கின்றன, ஆகவே அவை கணக்கைக் குழப்பாது. 1,007 பேரும் அட்ரினலின் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அதே 1,007 பேர் புரோமெதசீன் கேள்விக்கும், ஹைட்ரோகார்ட்டிசோன் கேள்விக்கும் பதில் சொல்கிறார்கள். இரண்டு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்ற நாலாவது கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. இதை முதல்முறை விளங்கிக்கொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2011இல் வெளியான முடிவு இது: முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. தோலுக்கடியில் சின்ன அளவில் போட்ட அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டும் பிரயோசனமில்லை. அதைவிட, அட்ரினலினோடு ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தால் அட்ரினலினின் நன்மையும் போய்விட்டது. நல்லதென்று நம்பிப் போட்ட ஊசி வேலை செய்கிற ஊசியைக் கெடுத்திருக்கிறது. மூடநம்பிக்கை வேப்பிலைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிற படித்தவர்களுக்கு இதை அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

காசு விசயத்தையும் சொல்லவேண்டும். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். கடிபடுகிறவர் வயலில் கூலிக்கு நிற்பவர். அவரிடம் விற்று இலாபம் எடுக்க முடியாது என்று கம்பனிகளுக்குத் தெரியும். ஆகவே இந்தச் சோதனைகளுக்குப் பொதுப்பணம் வேண்டும், அது எங்கள் ஆஸ்பத்திரிகளையும் உள்ளடக்க வேண்டும் என்பது என் கட்சி. வன்னியில் யாரும் சோதனை எலியாகக் கூடாது என்று சிலர் கோபப்படுவார்கள். போர் தின்ற மண்ணில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சோதனைக்கு வெளியே நிற்பவர்களும் சோதிக்கப்படாத மருந்தைத்தான் வாங்குகிறார்கள், எழுத்தில் பதியாமல்.

பயத்துக்கு மருந்து, கேட்கத் தெரிந்திருப்பது. இலங்கையில் நடக்கிற மருந்துச் சோதனைகளைப் பதிய இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேடு ஒன்று 2006 முதல் இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். எதை அளவுகோலாக எடுப்போம் என்று சோதனை தொடங்க முன்னரே அங்கே எழுதிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு வசதியான அளவுகோலைத் தேடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நாளைக்கு ஒரு வைத்தியர் உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ சம்மதப் பத்திரத்தை நீட்டினால், அது தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று மருந்து கிடைத்தாலும் வழமையான சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்றும், பதிவேட்டு இலக்கம் என்ன என்றும் கேளுங்கள். கையெழுத்து வைத்த பிறகும் எந்த நேரத்திலும் விலகலாம். விலகினால் வழமையான சிகிச்சை நிற்காது, நிறுத்த யாருக்கும் உரிமையில்லை.