லஞ்சம் கேட்டார் என்பதை எப்படி நிரூபிப்பது?

மேலூர்ப் பக்கம் ஐந்து சென்ட் வாங்கிப் பத்திரம் பதிந்துவிட்டு, உட்பிரிவுப் பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கிறீர்கள். அளக்க வர வேண்டிய சர்வேயர் வரவில்லை. நேரில் போய்க் கேட்டால், "மூவாயிரம் ஆகும், கீழே ஜெராக்ஸ் கடையில கொடுத்திருங்க" என்கிறார். குற்றம் இங்கேயே நடந்துவிட்டது. பணம் கைமாறும் வரை சட்டம் காத்திருப்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 7-வது பிரிவில், வாங்குவதோடு வாங்க முயல்வதையும் சேர்த்தே குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். "சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைத்தானே செய்து கொடுத்தேன்" என்ற வாதமும் எடுபடாது. ரேஷன் கார்டு மனுவைக் காலத்தோடு முடித்துத்தர ஐயாயிரம் ரூபாய் கேட்கும் ஊழியரை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரும் வழக்கில் சேர்வார்.

இது மத்தியச் சட்டம். இங்கே இதைக் கையில் எடுப்பது மாநில அரசின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். நம் பேச்சில் லஞ்ச ஒழிப்புத் துறை. மதுரையில் அதற்குப் பிரிவு அலுவலகமும், இவ்வழக்குகளை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றமும் இருக்கின்றன.

கொடுத்தவர்மீதும் வழக்கு வரும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. 2018 ஜூலை 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. தப்ப இரண்டு வழிகள்தான். கொடுப்பதற்கு முன்பே போலீசிடம் சொல்லி, அவர்களுக்கு உதவியாகக் கொடுப்பது ஒன்று. நெருக்கடியில் கொடுத்துவிட்டால், 7 நாளைக்குள் புகார் செய்வது மற்றொன்று. பட்டா கையில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் எட்டாம் நாள் தானும் குற்றவாளியாகி நிற்கிறார்.

புகார் கொடுத்ததும் நடப்பது பெரும்பாலும் ஒரே முறைதான். வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக அழைப்பார்கள். நோட்டுகளின் எண்களை மகஜர் என்னும் பதிவறிக்கையில் எழுதி, பினாப்தலீன் பொடி தடவி, உங்கள் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார்கள். சாட்சிகளில் ஒருவர் உங்களுடனேயே வருவார். அதிகாரியே வாய்திறந்து கேட்ட பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். துண்டால் முகம் துடைப்பதுபோல் ஏதாவது ஒரு ஜாடை காட்டினால் போலீசார் உள்ளே வருவார்கள். சோடியம் கார்பனேட் கரைசலில் அவர் விரல்களை நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நோட்டைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவது இதனால்தான். உங்கள் விரலில் ஒட்டிய பொடி அவர் விரலுக்குப் போய்விட்டால், அந்தச் சிவப்புக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்.

கரைசல் சிவந்ததுமே வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பணம் கைப்பற்றப்பட்டது என்பது மட்டும் போதாது, கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜெயராஜ் வழக்கில் 2014-லேயே சொல்லிவிட்டது. "கைமாத்தாக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்", "நான் வேண்டாம்னு தள்ளினேன், மேஜை டிராயர்ல திணிச்சிட்டார்" என்பவை எதிர்த்தரப்பின் வழக்கமான வாதங்கள். உடன் போன சாட்சி, "நான் வாசலில் நின்றேன், பேசியது காதில் விழவில்லை" என்று கூண்டில் சொன்னால் அந்த வாதங்களுக்கு உயிர் வந்துவிடும். கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாகிவிட்டால், 20-வது பிரிவின்படி அது லஞ்சம்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும்; இல்லை என்று காட்டும் பாரம் அதிகாரி தலையில். புகார்தாரர் இறந்துபோனாலோ, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானாலோ, சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதை நம்பிப் புகார்தாரர் பின்வாங்கினால், நல்ல வழக்கும் நொண்டியடிக்கும்.

ஆகவே புகாரில் எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு தொகை, என்ன வார்த்தை என்று எழுதுங்கள். மனுவின் ஒப்புகை எண்ணைச் சேருங்கள். வேலை அவர் மேஜையில்தான் கிடந்தது என்பதை அதுதான் காட்டும். செல்போனில் பதிவு இருந்தால் அதை வெட்டி ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூலப்பதிவை அழிப்பவர்கள் ஏராளம். மூலம் உள்ள செல்போனே முக்கியம். நகலைத் தாக்கல் செய்ய 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும்.

கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அரசின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் நீதிமன்றம் வழக்கை ஏற்க, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவில் உரிய அதிகாரியின் இசைவு வேண்டும். அதற்கு 3 மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. இழுத்தடிப்பு இங்கேதான் தொடங்கும். விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது; புகார்தாரர் அதைவிட நீண்ட காலத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

சிறையைவிட அதிகாரிகள் அதிகம் அஞ்சுவது வேலை போய்விடுமே என்றுதான். கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே பணியிடை நீக்கம். தண்டனை உறுதியானால், அரசமைப்புச் சட்டம் 311-வது பிரிவின் விதிவிலக்கின்படி, தனி விசாரணை நடத்தாமலேயே பணிநீக்கம் செய்யலாம். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டாலும், தீர்ப்பு நிறுத்தப்படாதவரை வேலை திரும்பாது.

உங்கள் பட்டா என்ன ஆகும்? அசல் கோப்பைச் சான்றாகப் போலீசார் எடுத்துச் சென்றிருக்கலாம். பத்திரம், வில்லங்கச் சான்று, மனு, ஒப்புகை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு செட் நகல் எடுத்து வைத்திருந்தால், அதைக் காட்டி வட்டாட்சியரிடம் கேட்கலாம். மனுவை நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போகும். மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய கோட்டங்களில் உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே.